எமது நெரிமுறைகள்

கொட்பேயில் எங்கள் கொம்பனி வாசலில்
மூன்று மொழியில் ஒரு பலகை.
சிங்களம் சுத்தம். ஆங்கிலம் அதைவிடச் சுத்தம்.
தமிழில் மட்டும்
'எமது நெரிமுறைகள்' என்றிருந்தது.
வல்லினம் போன இடத்தில்
நெறி, கழுத்தில் கை வைத்துவிட்டது.
எடுத்த றகரத்தை வீணாக்காமல்
கீழ்வரியில் போட்டிருந்தார்கள்:
'சூறை மீன் ஏற்றுமதியாளர்.'

மேல்வரியைக் கறுப்பு மாக்கரால் திருத்தினேன்.
ஒரு மாரிக்குள் கழுவுப்பட்டுப்
பழைய எழுத்தே திரும்பவும் வந்தது.

என் வேலை பெரிதொன்றுமில்லை.
மணிக்கொரு தரம் குளிரறைக் கதவருகே போய்
நின்று, பார்த்து, எழுதுவது.
ஒன்று தசம் எட்டு. இரண்டு. இரண்டு தசம் மூன்று.
பக்கத்தின் அடியில் யோ. திலகேஸ்வரி.
தணிக்கைக்கு வருகிறவர்கள்
மீனை முகர்ந்து பார்ப்பதில்லை,
இந்த இலக்கங்களைத்தான்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய் இரவு
ஒன்பது நாற்பதுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்தது.
கிண்ணியாவிலிருந்து வெள்ளத்துக்குள்ளால்
மிஃப்லால் ஹெல்மெட்டும் கழற்றாமல் ஓடிவந்தபோது
மணி ஒன்று பத்து.
முள் ஏழு தசம் நாலில்.
உள்ளே இரண்டு தொன் சூரை.

இரண்டு மணிக்கு லொறி.
ஹபரணையால் போய் கட்டுநாயக்கா, மத்தியானம் விமானம்.
மனேஜர் விதானகே கெட்டவரல்ல.
சம்பளம் ஒருநாளும் பிந்தாது.
என் தம்பியின் ஒப்பரேசனுக்கு வாகனம் தந்தவர்.
'மாற்று' என்று அவர் சொல்லவேயில்லை.
போனில் கேட்டது இவ்வளவுதான்:
"மிஸ், வடிவாப் பாத்தீங்களா?
இன்னொருக்காப் பாருங்களன்."

இன்னொருக்காப் பார்த்தேன்.
ஏழு தசம் ஐந்து.

ஏழை ஒன்றாக்குவது சுலபம்.
தலையை மட்டும் தட்டினால் போதும்.
மிஃப்லால் மெதுவாகச் சொன்னான்:
"பென்சிலால எழுதியிருக்கலாமே அக்கா."
பேனையால்தான் எழுத வேண்டும் என்பது
பதினாலாம் விதி.
அதை எழுதியவருக்கு
இந்த இரவை முன்பே தெரிந்திருக்கிறது.

எழுதினேன்.
சிவப்பு அட்டையைக் கதவில் கட்டினேன்.
லொறிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.
வீரமொன்றுமில்லை. கை நடுங்கியதில்
அந்த ஏழு தூண்டில் முள் மாதிரி வந்திருக்கிறது,
இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

காலையில் வெட்டுமேசைப் பெண்கள் பத்தொன்பது பேரை
வாசலோடு திருப்பினோம்.
நாட்கூலி. மூதூரிலிருந்து வருகிறவர்களுக்கு
பஸ் காசும் நட்டம்.
சித்தி ஹனூனா கேட்டாள்:
"மீன் பழுதா, மிஸ்?"
"தெரியாது."
"தெரியாமலா எங்கள அனுப்புறீங்க?"

ஆறாம் நாள் ஆய்வுகூடத்துத் தாள் வந்தது.
ஹிஸ்டமின் இருபத்திரண்டு.
நூறுவரை போகலாம்.
நல்ல மீன்தான்.
அன்றைக்கே கருவாட்டுக்குப் போனது, கால் விலைக்கு.

விதானகே தாளை இரண்டு தரம் வாசித்தார்.
புது ஜெனரேட்டருக்கு விண்ணப்பம் எழுதினார்,
காரணம் என்ற கட்டத்தில் என் ஏழு தசம் நாலு.
போனஸ் பட்டியலும் அவரே எழுதினார்,
அதில் நான் இல்லை.
இரண்டிலும் ஒரே பேனை.

மாசியில் தணிக்கைக்கு வந்த பெண்
அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி
கனநேரம் இருந்தார்.
மற்றப் பக்கங்களையெல்லாம்
அதற்குப் பிறகுதான் நம்பினார் போல.

ஹனூனாவின் கேள்விக்கு
எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

புதுப் பலகை அடுத்த நிதியாண்டில் என்றார்கள்.
நேற்றுப் பார்க்கிறேன்,
யாரோ மீன்வெட்டும் கத்தி நுனியால்
ரகரத்தைத் தகரத்தோடு கீறி
றகரமாக்கியிருக்கிறார்கள்.
கோணல் எழுத்து. மழைக்குப் போகாது.
கீழே
சூறையை அப்படியே விட்டிருக்கிறார்கள்.